பிறக்காத மகனுக்கு, உன் தலைமுடி விடயமாக

சகல பொதுமக்களுக்கும் இத்தால் மிகுந்த பணிவோடு அறியத்தருவது என்னவென்றால், கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகவும், எனது நெற்றிக்கு மேலுள்ள பகுதியை நிரந்தர வதிவிடமாகவும் கொண்டிருந்த முடிகளில் பெரும்பாலானவை, எவ்வித முன்னறிவித்தலுமின்றித் தலையணைக்கும் குளியலறை வடிகாலுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. எஞ்சியிருப்போர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலதிக விபரங்களுக்குக் கண்ணாடியுடன் தொடர்பு கொள்ளவும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய அறிவித்தல் இது. முஅத்தினார் மைக்கைத் தரமாட்டார் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. உன் உம்மா யாரென்றும் இன்னும் தெரியாது. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பரீட்சை முடிவு வருவதற்குள் முடியின் முடிவு வந்துவிட்டது. வழக்கமாக ஒரு தகப்பன் மகனுக்கு இப்படி நீட்டி எழுதுவதென்றால் மகன் கலியாணம் முடித்துப் போகும்போது எழுதுவார், கட்டாருக்குப் போகும்போது எழுதுவார், அல்லது தனக்கு முழங்கால் வலி வந்த பிறகு எழுதுவார். அதற்குள் அவருக்குப் பத்தொன்பது வயதில் எப்படி இருந்தது என்பது மறந்துபோயிருக்கும். நான் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். உனக்கு என் வயது வரும்போது இதைக் கையில் தருவேன். அதுவரை இதை உன் உம்மாவுக்குக் காட்டுவதா என்பதை உம்மா யாரென்று பார்த்துவிட்டு முடிவுசெய்வேன்.

உன் வாப்பா எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் தெரிந்துகொள். டியூஷன் வகுப்புச் சுவர்க்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்து, மாஸ்டர் உட்பட முழு வகுப்பையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியவன். சாச்சாவின் மகளுடைய கலியாண வீட்டில் வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளையெல்லாம் சோடி பிரித்து அடுக்கி, மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேரை இரண்டு நிறத்தில் வீட்டுக்கு நடக்கவிட்டவன். இந்த முடி விடயத்தையும் நான் சிங்கம் போலத்தான் எதிர்கொண்டேன். பிடரி இல்லாத சிங்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கம் தினமும் காலையில் என்ன செய்தது என்று சொல்கிறேன், கேள். எழும்பியதும் தலையணையைத் தட்டிப் பார்க்கும். பிறகு ஜன்னலோரம் நின்று, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் நெற்றியைப் போனில் படம் எடுக்கும். முந்திய நாள் படத்தோடு வைத்துப் பெருப்பித்துப் பார்க்கும். குறைந்திருப்பதுபோல இருந்தால் வெளிச்சம் சரியில்லை என்று திரும்ப எடுக்கும். கூடியிருப்பதுபோல இருந்தால் அதையும் நம்பாமல் திரும்ப எடுக்கும். பின்னேரம் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடப் போனால், நான் எந்த இடத்தில் பந்து பொறுக்க நிற்பது என்பதைக் கப்டன் தீர்மானிக்கவில்லை, கடற்காற்றுத் தீர்மானித்தது. காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் நின்றால் முன்முடி மேலே எழும்பி உள்ளே இருப்பதை ஊருக்குக் காட்டிவிடும். அதனால் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்றேன். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

என் கூட்டாளி இர்பான்தான் முதலில் வாய் திறந்தான்.

"மச்சான், ஒன்ட நெத்திய அளந்தா ஒரு பேர்ச் காணி தேறும் போல. உறுதி முடிச்சு வெச்சிக்க."

"இன்னும் விரிவாக்கம் கிடக்குடா," என்றேன். "முடிஞ்சதும் கடை கட்டி வாடகைக்கு விடப்போறன். ஒனக்கு முன்கடை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவன் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் வலிக்காது என்பது என் கொள்கை. நெற்றியை வைத்துக் கடல் பின்வாங்குகிற பகிடி ஒன்றுகூட வாய்வரை வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் கடல் பின்வாங்குவதை வைத்து எவரும் பகிடி விடுவதில்லை, நானும் விழுங்கிவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்தேன். அன்றைக்குப் பிறகு விளையாடப் போகவில்லை. பள்ளிக்கும் போகவில்லை, வீட்டிலேயே தொழுதேன். உம்மா கேட்டால் தலையிடி என்றேன். அது பொய்யில்லை, தலைதான் என் தலையில் விழுந்த இடி.

ஏன் இவ்வளவு பயம் என்று நீ கேட்பாய். எனக்கு முன்னால் ஒரு தலை நடமாடிக்கொண்டிருந்தது, மகனே. என் வாப்பாவின் தலை. கல்முனை பஸாரில் அவருக்குச் சாரமும் தொப்பியும் விற்கிற கடை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது தலையில் ஏறும் தொப்பி படுக்கும்போதுதான் இறங்கும். குளித்துவிட்டு வரும்போது அந்த இடத்தைத் துவாய் பிடித்துக்கொள்ளும். அவருடைய வெறுந்தலையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்க்காததுதான் கூடுதல் பயம். உம்மா இதை ஒரு கதையாகவே வைத்திருக்கிறா. விருந்தாளி வந்தால் சொல்வா.

"எனக்கென்ன தெரியும். பொண்ணு பாக்க வரக்குள்ளயும் தொப்பி, கலியாணத்தண்டைக்குக் காவின் எழுதக்குள்ளயும் தொப்பி. மறுகாத்தான் தெரிஞ்ச, தொப்பிக்குள்ள ஆருமில்ல எண்டு."

வாப்பாவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே தொப்பியை ஒருதரம் அழுத்திவிட்டுக்கொள்வார். அந்தக் கையை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அது என்ன செய்கிறது என்று யோசித்ததில்லை.

வீட்டுக்குள் கிடந்த நாட்களில்தான் முடி நடும் வீடியோக்கள் என்னைக் கண்டுபிடித்தன. ஒன்றைப் பார்த்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். தலையின் பின்பக்கத்திலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்பக்கத்தில் ஒவ்வொன்றாக நடுகிறார்கள். நற்பிட்டிமுனையில் உம்மாவுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது, அதனால் எனக்கு விளங்கியது. மேல்வயலில் பிடுங்கிக் கீழ்வயலில் நடுவது. முதலில் அழுமூஞ்சியோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான், கொஞ்ச நேரத்தில் அதே ஆள் காற்றில் முடி பறக்கச் சிரிப்பான். அவன் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்டியில் அப்படியொரு இடம் இருப்பதைத் தேடிப்பிடித்து, வட்ஸ்அப்பில் எழுதி, வருகிற திங்கட்கிழமை டொக்டர் பார்ப்பார் என்று பதிலும் வாங்கிவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இங்கேதான் உன் வாப்பா தன் மூளையைப் பாவித்தார். எல்லா வீடியோவிலும் முதல் வேலை தலையை மழிப்பது. எங்கள் ஊரில் டொக்டரிடம் போவதென்றால் குளித்து, நகம் வெட்டி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை. பல்லுக்குக் காட்டப் போனால் பல் விளக்கிவிட்டுத்தானே போகிறோம். தலைக்குக் காட்டப் போகிறவன் தலையைத் தயார்பண்ணிக்கொண்டு போவதுதானே முறை. வெள்ளிக்கிழமை காலையில் சலூனுக்குப் போய், சுத்தமாக மழிக்கச் சொன்னேன்.

"உம்றாவுக்கா தம்பி?" என்றார் சலூன்காரர். "உம்றாவுக்குப் போற ஆக்கள் மக்காவுல வெச்சித்தானே மழிக்கிற. நீ என்ன இஞ்சயே முடிச்சிட்டுப் போறாய்?"

"அங்க சனம் நெரிசல்," என்றேன். பகிடிக்குத்தான்.

உம்றா முடித்த ஆண்கள் தலை மழித்துக்கொள்வார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பி வந்தால் சனங்கள் வீடு தேடிப் போய்க் கட்டித் தழுவி, தங்களுக்காக துஆக் கேட்பார்கள். ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் பங்காகும். எங்கள் ஊரில் கொஞ்ச நாள் காணாமல்போன ஒருவன், புது மொட்டைத்தலையும் அதன் மேலே தொப்பியுமாய் ஜும்ஆவுக்கு வந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் அதை யோசிக்கவில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, வாப்பாவின் கடைக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"மாஷா அல்லாஹ். எப்ப மனே வந்த?"

"இப்பதான் ஹாஜியார்," என்றேன். பள்ளிக்கு இப்போதுதான் வந்தேன் என்பது உண்மை.

"சனம் எப்பிடி?"

"கால் வெக்க இடமில்ல." அன்றைக்கு வெளிவராந்தாவில்தான் எனக்கு இடம் கிடைத்தது, அதுவும் உண்மை.

"சூடு?"

"மொட்டத்தலக்கி எங்க போனாலும் சூடுதான் ஹாஜியார்."

என் திறமையில் நானே மயங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிசரை மக்கா வரை கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அப்போது அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "என்ட முழங்காலுக்கு துஆச் செஞ்ச நீயா மனே? ஆரும் செய்யிறாங்க இல்ல."

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, ஆனால் வந்த சொல் "செஞ்சன்." அது பகிடி இல்லை என்று எனக்கே கேட்டது. அதோடு விட்டேனா? வீட்டுக்கு ஓடிப்போய், நோன்பு காலத்தில் மிஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த ஈத்தம்பழப் பெட்டியை எடுத்து, கல்முனைக் கடையின் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் நேரே வாப்பாவின் கடைக்குப் போயிருக்கிறார்.

வாப்பா பட்டப்பகலில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது பெருநாளைக்கு மட்டும்தான். அன்றைக்கு வந்தார். கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மக்கா எப்பிடி மனே?"

நான் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன்.

"ஹாஜியார் என்ட கையப் புடிச்சி அழுறார். ஒங்கட மகன் எனக்காக அங்க நிண்டு கையேந்தியிருக்கான் எண்டு. நான் என்ன சொல்ற? கஃபாவ இவன் போன்லதான் பாத்திருப்பான் எண்டு சொல்றயா? தொப்பியக் கழட்டு."

கழற்றினேன். கதவடியில் நின்ற உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினா, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஏன் மழிச்ச?"

பத்துப் பதில்கள் வரிசையில் நின்றன. கோடை காலம், ஃபேஷன், சீப்பு தொலைந்துவிட்டது. வாப்பா என் முகத்தைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் உண்மையைச் சொன்னேன். "முடி நடுறதுக்கு வாப்பா. கொட்டுது. கண்டில டொக்டர் ஒராள் இருக்கார். திங்கக்கிழம வரச்சொன்ன."

அவர் கை மேலே போய்த் தொப்பியை அழுத்திவிட்டு இறங்கியது. நான் அடியை எதிர்பார்த்தேன், ஏச்சை எதிர்பார்த்தேன்.

"தனியவா போறாய்?"

"ஓம்."

"மொதல்ல ஹாஜியார்ட்டப் போய் உண்மையச் சொல்லு. திங்கள் நானும் வாறன்."

"நீங்க என்னத்துக்கு?" என்றா உம்மா.

"கண்டிக்கு ஏறுற பதினெட்டு வளைவுல இவனுக்குத் தல சுத்தும். புடிக்க ஒராள் வேணுமே."

ஹாஜியாரிடம் போனேன். இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்தார். "பேரப்புள்ளைகளுக்கெல்லாம் மக்காப் பழம் எண்டு பங்கு வெச்சிட்டனேடா. அப்ப துஆவும் செய்யல்லயா?"

"இல்ல ஹாஜியார்."

"சரி, இப்ப செய். இஞ்சயே இரு. எனக்குக் கேக்கிற மாதிரிச் செய்."

ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கையேந்தி, வந்துபோகிறவர்கள் பார்க்க, அவருடைய முழங்காலுக்காக துஆச் செய்தேன். வலது காலா இடது காலா என்று இடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "ரெண்டும்தான், நிப்பாட்டாம செய்," என்றார்.

திங்கட்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு பஸ் ஏறினோம். வாப்பா வழியெல்லாம் இஞ்சியைக் கடித்துக்கொண்டே வந்தார். மகியங்கனை தாண்டி, வளைவு வளைவாய் மலையேறும் இடத்தில் தலை சுற்றியது எனக்கில்லை, அவருக்குத்தான். பிடிக்கப் போன ஆளைப் பிடித்துக்கொண்டு கண்டியில் இறங்கினேன். கண்ணாடிக் கதவு, குளிர், சுவர் முழுக்கச் சிரிக்கிற முடிக்காரர்களின் படங்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை எழும்பி வாப்பாவைப் பார்த்து, "வாங்க சேர், நீங்கதானே பதிஞ்சிருந்தீங்க?" என்றது.

"இல்ல மகள்," என்றார் வாப்பா. "என்ட கேஸ் முடிஞ்சிட்டு. இவர்தான் புதுக் கேஸ்."

பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டது. பகிடி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது, மகனே. முடி போகும் வழியாகத்தான் அதுவும் வந்திருக்கிறது. உனக்கும் இரண்டும் வரும்.

டொக்டர் மலைநாட்டுத் தமிழ் பேசினார். அடர்த்தியான முடி, அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. லைட்டை இழுத்து, பூதக்கண்ணாடி வைத்து என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"யார் தம்பி இப்படி மழிச்சது?"

"நான்தான் டொக்டர். ஒங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் எண்டு."

"வீடு பார்க்க வர்ற ஆளுக்கு முன்னால வீட்டையே இடிச்சு வச்சிருக்கீங்களே. எந்த முடி மெலிஞ்சிருக்கு, எது தடிப்பா இருக்குன்னு பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும். இப்ப என்னத்தைப் பார்க்கிறது?" கண்ணாடியை மேசையில் வைத்தவர் மூலையில் இருந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தார். "அப்பாவா? சேர், கொஞ்சம் தொப்பியைக் கழட்டுறீங்களா? தம்பிக்கு எப்படிப் போகும்னு உங்களைப் பார்த்தா ஓரளவு தெரியும்."

"அது தேவையில்ல டொக்டர்," என்று நான் அவசரமாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்பதும் தெரியாது. வாப்பா அதற்குள் எழும்பி வந்து லைட்டுக்குக் கீழே நின்றார். கை தொப்பிக்குப் போனது. அழுத்திவிடத்தான் போகிறது என்று நினைத்தேன். கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டார்.

பஸார் வெயிலில் கறுத்த முகம் புருவத்துக்கு மேலே ஒரு கோட்டோடு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் வெளிறிப்போய், வெளியே வந்தே பழக்கமில்லாத ஒருவரைப் போல இருந்தது தலை. காதோரத்தில் கொஞ்சம் நரைமுடி. உச்சியில் சின்ன மச்சம் ஒன்று, உம்மாவைத் தவிர வேறு எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். டொக்டர் பேனையால் காற்றில் வட்டம் போட்டுக் கேட்டார்.

"முன்பக்கம் எந்த வயசுல போச்சு?"

"இருபத்தொண்டு, இருபத்திரண்டு."

"உச்சி?"

"கலியாணத்துக்குள்ள."

"அப்ப ஏதாவது செஞ்சீங்களா?"

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. "அப்ப இதெல்லாம் இல்லத்தானே டொக்டர். வெங்காயம் தேச்சன். கரிசலாங்கண்ணி எண்ணெய் வெச்சன். ஆரோ சொன்ன எண்டு ஒரு வேர அரைச்சிப் பூசி, தலயெல்லாம் புண். ஒரு மாசம் தலகாணில படுக்க ஏலாமப் போன. மறுகா விட்டுட்டன்."

இதை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. உம்மாவின் பகிடிக்கு அவர் சிரிக்கிற சிரிப்பை மட்டும்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். என்னைப்போலவே ஒருவன், கிட்டத்தட்ட என் வயதில், குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். இப்போது முன்பக்கத்தில் நட்டால், நட்டது நிற்கும், அதைச் சுற்றியுள்ள பழைய முடி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் நடுவில் ஒரு தீவு மட்டும் மிஞ்சும். பின்தலையில் எடுக்கக்கூடிய முடிக்கும் ஓர் அளவு உண்டு, பத்தொன்பதில் செலவழித்துவிட்டால் முப்பதில் எடுக்க இருக்காது. "எது வரைக்கும் போகும்னு தலை முதல்ல காட்டட்டும். இருபத்தஞ்சு தாண்டி வாங்க. அப்பவும் விருப்பம்னா பார்ப்போம். அதுவரைக்கும் பூசுறதுக்கு ஒரு மருந்து எழுதித் தாறேன். அடுத்த முறை தயவுசெய்து முடியோட வாங்க."

உன் வாப்பா, அதாவது நான், அப்போது என்ன சொன்னார் தெரியுமா? மருந்தும் வேண்டாம் டொக்டர், நடுகையும் வேண்டாம், இந்தத் தலையை எப்படிச் சுமப்பதென்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். பயமெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவோடு நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வாப்பா வெளியே பார்த்தபடி கேட்டார்.

"மனே, என்னப்போல வந்துரும் எண்டுதானா இவ்வளவு பயந்த?"

"சேச்சே, ஒங்களப்போல வந்தா நல்லம்தானே வாப்பா," என்றேன். "ஷாம்பு மிச்சம், சீப்பு மிச்சம். தொப்பியும் சும்மா கிடைக்குது."

"அதுவும் சரிதான்," என்றார். கொஞ்சம் சிரித்தார். பிறகு இஞ்சியை எடுத்து வாயில் போட்டு, ஊர் வரும்வரை கடித்துக்கொண்டே வந்தார். அந்தப் பதிலை நான் எவ்வளவு விரைவாகச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அவர் பதில் கேட்கவில்லை, மகனே. துணை கேட்டிருக்கிறார். ஓம் என்று சொல்லியிருந்தால் வெங்காயத்தைப் பற்றி, அந்தப் புண்ணைப் பற்றி, தொப்பிக்குள் இருந்துகொண்டு பெண் பார்க்கப் போன அன்றைய நெஞ்சிடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் ஒரே விடயத்துக்குப் பயந்தவர்கள் என்பது தெரிந்து, ஒரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் ஐந்து மணித்தியாலம் இருக்கக் கிடைப்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. நான் அதை ஷாம்பு மிச்சம் என்று முடித்துவிட்டேன்.

அதனால் உனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. ஒருநாள் நீ என் தலையை ஒரு மாதிரிப் பார்ப்பாய். நான் அதைக் கண்டுபிடிப்பேன், எனக்கு அந்தப் பார்வை பழக்கம். என்னைப்போல வந்துரும் எண்டுதானா பயப்புடுறாய் என்று கேட்பேன். நீ ஓம் என்று சொல். பகிடி விடாதே. எனக்கு மனம் நோகும் என்று பார்க்காதே. நடுவதற்கு ஆசைப்பட்டால் அதையும் சொல். இருபத்தைந்து தாண்டட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். டொக்டர் கேட்பதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு லைட்டுக்குக் கீழே வந்து நிற்பேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் என்னை இரண்டு நாளாய் உறங்கவிடவில்லை. இருபத்தைந்து வரும்போது நானே நட்டுக்கொண்டால்? நட்டுக்கொள்ளமாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. அப்படி நட்டுக்கொண்டால் நீ பிறக்கும்போது உன் வாப்பாவுக்கு நல்ல முடி இருக்கும். நீ என்னைப் பார்த்துப் பயமில்லாமல் வளர்வாய். பத்தொன்பதில் உன் தலையணையில் முடி கிடக்கும்போது, இது யாரிடமிருந்து வந்தது என்றே உனக்குத் தெரியாது. டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தால், என் தலை அவருக்குப் பொய் சொல்லும். ஹாஜியாருக்கு நான் சொன்னதைவிடப் பெரிய பொய். அந்த நேரம் பார்ப்பதற்கு இந்தக் காகிதமாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எப்படி இருந்தாலும், மகனே, உள்ளே இருப்பது என் வாப்பாவின், உன் மூத்தவாப்பாவின் தலை.

இனி முடிக்கவேண்டும். முடிக்குமுன், மேலே டொக்டரிடம் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக எழுதினேனே, அந்த இடத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கினேன். எப்படிப் பூசுவது, எவ்வளவு பூசுவது, கூடுதலாகப் பூசினால் கூடுதலாக வளருமா என்று அவர் சலிக்கும்வரை கேட்டேன். கீழே பார்மசியில் உடனேயே வாங்கினேன், வாப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். இதை எழுதும்போதும் அது என் தலையில்தான் இருக்கிறது. வழிந்து புருவத்துக்கு வருகிறது, முடி முளைத்தால் முதலில் அங்கேதான் முளைக்கும் போல.

இன்னொன்று. நான் பூசுவதைவிட வேகமாகப் போத்தல் குறைகிறது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், உம்மாவுக்கு முடி இடுப்புவரை. இன்று சுபஹுக்குப் பள்ளியில் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மருந்தின் அதே ஸ்பிரிட் மணம் வந்தது, என் தலையிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் எங்கள் ஊர் பார்மசி திறந்ததும் போய், இதிலேயே பெரிய போத்தல் இருக்கிறதா என்று கேட்டேன்.